ரூத்தின் ஆபரேஷன் பணம்

ஜெபாவுக்கு,

இதைப் போனிலேயே சொல்லிவிட இரண்டு தடவை முயன்றேன். இரண்டு தடவையும் நீ பாதியில் குறுக்கே பேசினாய், எனக்கும் குரல் ஏறிவிட்டது, கடைசியில் கல்யாணச் சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்று பேசிவிட்டு வைத்துவிட்டோம். அதனால்தான் எழுதுகிறேன். தமிழில்தான் எழுதுகிறேன். நீ எழுத்துக் கூட்டி மெதுவாகத்தான் வாசிப்பாய் என்று தெரியும். மெதுவாகவே வாசி. புரியாத இடத்தில் நிஷாவிடம் கேள். கோயம்புத்தூர் பள்ளிக்கூடத்தில் படித்த பெண், அவளுக்கு உன்னைவிடத் தமிழ் நன்றாக வரும். அவளும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது, அடுத்த சனிக்கிழமை முதல் அவளும் இந்த வீட்டு ஆள்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது இன்னும் என் நெஞ்சில் கனமாக இருக்கிறது. கல்யாண ஆராதனையில் எந்தப் பாட்டு, யார் வேதம் வாசிப்பது என்று பேசத்தான் பாஸ்டர் வீட்டுக்கு வந்தார். சாப்பாடு போட்டு நான் குழம்பை எடுக்க உள்ளே போனேன். திரும்பி வருவதற்குள் நீ அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாய். "என் கல்யாணத்துல காணிக்கைப் பை எடுக்கக் கூடாது பாஸ்டர். எடுத்தா நான் அப்படியே எந்திரிச்சு வெளிய போயிருவேன். ஸ்டெல்லா அக்கா காசைத் தின்ன மாதிரி என் காசையும் திங்க வேண்டாம். நீங்க எல்லாரும் ஒண்ணுதான்." நிஷா உன் கையைத் தொட்டாள். நீ தட்டிவிட்டாய். பாஸ்டர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "சரி தம்பி, எடுக்கல" என்றார். அப்பா தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்து, கை கழுவி, செருப்பைப் போட்டுக்கொண்டு கீழே போய்விட்டார். அப்புறம் நீ என் பக்கம் திரும்பினாய். "அந்தக் கூட்டத்துல அந்தப் பிரசங்கியாரு மேடையில நின்னதைக் கண்ணால பாத்தீங்க. அதுக்குப் பிறகும் மாசாமாசம் கவர்ல காசு போட்டு வைக்கீங்க. எப்படிம்மா முடியுது உங்களால?"

நல்ல கேள்வி. அதைக் கேட்டதற்காக எனக்கு உன் மேல் கோபம் இல்லை. கோபம் வேறு ஒன்றுக்கு, அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் நடந்ததை முழுசாகக் கேள். அப்போது நீ பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த புதிது. கிறிஸ்துமஸுக்கு வந்தபோது சபையில் என் பெஞ்சில் யாரும் உட்காராமல் நான் தனியாக இருந்ததைப் பார்த்தாய். அதற்குப் பிறகு நீ சபைக்குள்ளேயே வரவில்லை. உனக்குத் தெரிந்தது அந்தப் பாதிதான்.

ஸ்டெல்லாவை உனக்கு ஞாயிறு பள்ளியில் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவளாகத் தெரியும். அவள் கணவன் மோசே தளேகாவில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் இருந்தான். மகள் ரூத்துக்கு அப்போது எட்டு வயது. அவளுக்கு வலிப்பு. மூளையில் ஒரு இடத்தில் தழும்பு மாதிரி இருக்கிறது, அதை எடுத்தால் பெரும்பாலும் குறைந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ஆபரேஷனுக்காக மூன்று வருடமாக இரண்டு பேரும் சேர்த்தார்கள். மோசே ஓவர்டைம் பார்த்தான். ஸ்டெல்லா நாலு வீட்டுக்கு டப்பா சாப்பாடு செய்து கொடுத்தாள். நான் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த வருடங்களில் எத்தனையோ வலிப்புக் குழந்தைகளைப் பார்த்தவள் என்பதால், ரூத்துக்கு மாத்திரை மாற்றினால்கூட ஸ்டெல்லா முதலில் என்னிடம்தான் காட்டுவாள். அன்றைக்கு மட்டும் காட்டவில்லை.

தளேகாவில் ஒரு ஹாலில் மூன்று நாள் சுகமளிக்கும் கூட்டம் என்று போட்டிருந்தார்கள். வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்திருந்தார். கூட்டத்தை நடத்தியவர் அங்கேயே ஹார்டுவேர் கடை வைத்திருந்த ஒரு தமிழர். நம் பாஸ்டர் அப்போதுதான் புதிதாகப் பொறுப்புக்கு வந்திருந்தார். கூப்பிட்டார்களே என்று சபையை வேன் வைத்துக் கூட்டிக்கொண்டு போனார். முதல் இரண்டு நாளும் நானும் அப்பாவும் போகவில்லை. முதல் நாளே அந்தப் பிரசங்கியார் இரண்டு காசு போட்ட ஏழை விதவையின் கதையைச் சொல்லியிருக்கிறார். இருந்ததையெல்லாம் போட்டாளே, நீ எதை ஒளித்து வைத்திருக்கிறாய், ஆஸ்பத்திரிக்கு என்று வைத்திருக்கிற பணத்தைப் பீடத்தில் வை, ஆஸ்பத்திரியே தேவைப்படாது என்று சொல்லியிருக்கிறார். மறுநாள் ஸ்டெல்லா பாங்கில் போய்ப் பணத்தை எடுத்தாள். மோசேயிடம் சொல்லவில்லை. மாலையில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். அங்கே வாலண்டியராக நின்ற ஒருவன், கொடுத்த பிறகும் மாத்திரை கொடுத்தால் அது அவிசுவாசம் என்று சொல்லியிருக்கிறான். மாத்திரையையும் நிறுத்திவிட்டாள்.

மூன்றாம் நாள் நாங்கள் போனோம். ஹால் வாசலில் மோசே நின்றுகொண்டிருந்தான். முகம் செத்துப் போயிருந்தது. "சித்தி, அவ பணத்தைப் போட்டுட்டா. மொத்தத்தையும். பிள்ளைக்கு மாத்திரையும் குடுக்கல. நான் கேட்டா, நீதான் விசுவாசமில்லாதவன்னு சொல்லுதா. நீங்க சொன்னாக் கேப்பா" என்றான். வலிப்பு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நான் உள்ளே ஓடினேன். முன் வரிசைக்குப் போவதற்குள் மைக்கில் ஸ்டெல்லா பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். பிள்ளை சுகமானதைச் சாட்சி சொல்ல வேண்டுமாம். ரூத்தைக் கூட்டிக்கொண்டு அவள் மேடை ஏறினாள். பிள்ளைக்கு நேற்றிலிருந்து ஒன்றும் வரவில்லை என்று ஸ்டெல்லா சொன்னாள், எல்லாரும் கை தட்டினார்கள். கை தட்டல் முடியவில்லை, ரூத் விழுந்தாள்.

ஜெபா, நான் எத்தனையோ வலிப்பைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குப் பார்த்தது வேறு. அந்த ஆள் மைக்கைக் கீழே வைக்கவில்லை. "யாரும் தொடாதீங்க! பிசாசு வெளிய போகுது! தொடாதீங்க!" என்று கத்தினார். ஸ்டெல்லா தன் பிள்ளையைத் தொடாமல் நின்றாள். பெற்றவள், கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, தொடாமல். நான் படியில் கால் வைத்ததும் ஒரு வாலண்டியர் என் மேல்கையைப் பிடித்தான். "ஆன்ட்டி, பீச்சே ஹடோ" என்று பின்னால் தள்ளினான். அப்போதுதான் அப்பாவின் குரல் கேட்டது. வாழ்க்கையில் சபைக்குள் உரக்கப் பேசாத மனுஷன். வேலை பார்த்த போசரி ஒர்க்‌ஷாப்பில் ஆட்களை அதட்டிய அதே குரலில், மராத்தியில், "ஹாத் சோட் திச்சா!" என்றார். அவள் கையை விடு என்று. அவன் விட்டுவிட்டான். நான் போய்ப் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்தேன், வாயில் நுரையைத் துடைத்தேன், அந்த ஆளைப் பார்த்து, "மைக்கை அணைங்க" என்றேன். அணைக்கவில்லை. என்னைக் காட்டி, இதுதான் தடை, இந்த அம்மாவின் அவிசுவாசம்தான் தடை என்று கூட்டத்திடம் சொன்னார். நம் சபை ஆட்களும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

வலிப்பு நிற்கவில்லை. ஒன்று முடியுமுன் அடுத்தது. நம் பாஸ்டர் பின் வரிசையிலிருந்து வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேனுக்கு ஓடினார். ஆஸ்பத்திரியில் ஐசியூவுக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிட்டார்கள். வெளியே வராந்தாவில் ஸ்டெல்லா என் மடியில் தலையை வைத்து, "நான் குடுத்தது போதலியா சித்தி? இன்னும் என்ன குடுக்கணும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். உனக்கு ஒன்று சொல்கிறேன், இதை யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு அப்போது ஜெபம் வரவில்லை. வாயைத் திறந்தால் கடவுளோடு சண்டைதான் வந்தது. உம் பெயரைச் சொல்லித்தானே அவன் கேட்டான், நீர் எங்கே இருந்தீர் என்று கேட்டேன். பதில் ஒன்றும் வரவில்லை. இன்றுவரை வரவில்லை. நீ கேட்கிற கேள்வியை உனக்கு முன்னாலேயே நான் கேட்டுவிட்டேன் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். பாஸ்டர் பக்கத்தில் வந்து, ஜெபிக்கலாமா என்றார். "இப்ப வேண்டாம் பாஸ்டர், இந்தச் சீட்டுக்கு மருந்து வாங்கிட்டு வாங்க" என்று சீட்டைக் கையில் கொடுத்தேன். அவர் போய் மெடிக்கலில் வரிசையில் நின்றார். ரூத் கண் திறக்க மறுநாள் மதியம் ஆகிவிட்டது.

அவளை வார்டுக்கு மாற்றியதும் நானும் ஸ்டெல்லாவும் அப்பாவும் பாஸ்டரும் தளேகாவுக்குப் போனோம். பிரசங்கியார் ஊருக்குப் போய்விட்டார். ஹார்டுவேர் கடைக்காரர் எங்களை உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். "தேவனுக்குக் குடுத்ததைத் திருப்பிக் கேக்கறது சாபம்மா. உங்க குடும்பத்துக்கு நல்லதில்லை. வயசுப் பையன் வேற இருக்கான்" என்றார். உன்னைத்தான் சொன்னார். அந்த நிமிடம் எனக்குப் பயமாகத்தான் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். அம்மாவாக இருப்பவளிடம் எதைத் தொட்டால் அடங்குவாள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் பக்கத்தில் ஸ்டெல்லா இருந்தாள். "நான் காணிக்கையைக் கேக்கல. இவ பிள்ளையோட ஆபரேஷன் பணத்தைக் கேக்கேன். தராம எந்திரிக்க மாட்டேன்" என்றேன். அவர் சிரித்தார். போலீசுக்குப் போங்கள், அவளே மனசாரப் போட்டாள் என்று நூறு பேர் சொல்வார்கள் என்றார்.

அப்போதுதான் பாஸ்டர் பேசினார். டீயைத் தொடவில்லை. "பிரதர், என் சபையைக் கூட்டிட்டு வந்தது நான். அந்தத் தப்பு என்னோடது. நீங்க பணத்தைத் தரலைன்னா வர்ற ஞாயித்துக்கிழமை நான் பீடத்துல நின்னு உங்க பேரையும் சொல்லுவேன், என் பேரையும் சொல்லுவேன். அப்புறம் என்னை வேலையை விட்டு அனுப்பினாலும் சரி" என்றார். கடைக்காரர் முகம் மாறியது. நாங்கள் உட்கார்ந்தே இருந்தோம். வாடிக்கையாளர்கள் வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போனார்கள். கடை சாத்துகிற நேரத்தில் தன் கையில் இருந்த பங்கைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். பாதிகூட வராது. மீதி பிரசங்கியாரோடு போய்விட்டது. அது திரும்பி வரவே இல்லை.

நீ யாரைப் பார்த்து "எல்லாரும் ஒண்ணுதான்" என்று சொன்னாயோ, அந்த மனுஷன் இவர்தான். உன் முன்னால் அவர் இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் சபையில் எழுந்து நின்று தன் தவறைச் சொன்னார். பாதி சபைக்கு அது பிடிக்கவில்லை. கடவுளின் அபிஷேகம் பெற்ற பிரசங்கியாருக்கு எதிராக எழும்பியவள் என்று எனக்குப் பெயர் வந்தது. நீ பார்த்த காலி பெஞ்சு அப்படி வந்ததுதான். கனகமணி அக்கா, உனக்குச் சின்ன வயசில் முறுக்குச் சுட்டுத் தந்தவள், வழியில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் ரூத்தின் ஆபரேஷனுக்குக் குறைந்த பணத்தைப் பாஸ்டர் சபையில் கேட்டபோது, தன் ஒரு ஜோடி கம்மலைக் கழற்றிக் கொடுத்தவளும் அவள்தான். வாசலில் என்னிடம், "உன் மேல எனக்குக் கோவம்தான். அதுக்காகப் பிள்ளை என்ன செய்யும்?" என்று சொல்லிவிட்டுப் போனாள். ரூத்துக்கு ஆபரேஷன் நடந்தது அப்படித்தான். வலிப்பு முழுசாகப் போய்விடவில்லை. எப்போதாவது வருகிறது. மாத்திரை சாப்பிடுகிறாள். பள்ளிக்கூடம் போகிறாள், தமிழைவிட மராத்தியில் வேகமாகச் சண்டை போடுகிறாள். நான் இதைச் சாட்சியாகச் சொல்லவில்லை, நடந்ததாகச் சொல்கிறேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். கடவுளுக்கு நம் பணம் தேவையா என்றால், தேவையில்லை. அந்த ஆள் விற்றது கடவுளை அல்ல, ஒரு தாயின் பயத்தை. இயேசு ஒரு நோயாளியிடமும் முதலில் காசை வை என்று கேட்டதாக நான் வாசித்ததில்லை. வரத்தைப் பணம் கொடுத்து வாங்க வந்தவனை அப்போஸ்தலர்கள் கடிந்துதான் பேசினார்கள். இரண்டு காசு விதவையின் கதையை எல்லாரும் சொல்கிறார்கள். அதற்குச் சற்று முன்னால், விதவைகளின் வீட்டை விழுங்கிவிட்டு நீளமாக ஜெபம் பண்ணுகிறவர்களை அவர் கடுமையாகப் பேசியிருக்கிறார். அந்த மேடையில் அதை வாசிக்கவில்லை. நான் அந்த வருடம் திரும்பத் திரும்ப அதை மட்டும்தான் வாசித்தேன். விட்டுவிட்டுப் போகாமல் நான் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். என் கோபம் எனக்கு முன்னாலேயே அங்கே எழுதியிருந்தது.

நான் கொடுப்பது எதையும் வாங்குவதற்காக இல்லை. உனக்கு நல்ல வேலை கிடைக்கட்டும் என்று நான் ஒரு ரூபாய்கூடப் போட்டதில்லை. பென்ஷன் வந்ததும் ஒரு பங்கை முதலில் எடுத்து வைக்கும்போது, இது முழுக்க என் கெட்டிக்காரத்தனம் இல்லை என்று ஒரு நிமிடம் நினைக்கிறேன். நன்றி சொல்ல எனக்குத் தெரிந்த வழி அது. கண்ணை மூடிக்கொண்டும் கொடுப்பதில்லை. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு சண்டை போட்டுச் சபையின் வரவு செலவை மாதாமாதம் வாசலில் ஒட்டவைத்தோம். கரண்ட் பில், பாஸ்டர் சம்பளம், யாருக்கு ஆஸ்பத்திரிச் செலவு, எல்லாம் அதில் இருக்கும். நீ உள்ளே வராததால் பார்த்ததில்லை. மருந்துக்கான பணம், வாடகைப் பணம், கடன் கட்ட வேண்டிய பணம், இதை யாராவது காணிக்கையாகக் கொண்டுவந்தால் பாஸ்டர் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். இதற்குமேல் எனக்குப் பதில் தெரியாது. அந்த வராந்தாவில் கேட்ட கேள்வியை நான் இன்னும் கையில் வைத்துக்கொண்டுதான் பாட்டுப் பாடுகிறேன். சந்தேகம் வந்தால் வெளியே போய்விட வேண்டும் என்று உனக்கு யார் சொன்னது?

என் கோபம் என்ன என்று கேட்டாய் அல்லவா, போனில். இதுதான். ஸ்டெல்லாவுக்கு நடந்ததை நீ ஆபீசில் சொல்கிறாய், நண்பர்களிடம் சொல்கிறாய், நிஷாவின் அப்பாவிடம்கூடச் சொன்னாய். ஒவ்வொரு விவாதத்திலும் அவளை எடுத்து முன்னால் வைக்கிறாய். பெங்களூரிலிருந்து இங்கே மகர்பட்டாவுக்கு மாற்றலாகி வந்து இவ்வளவு காலம் ஆகிறது. அவள் இருக்கிற தளேகாவுக்கு லோக்கல் டிரெயின் ஓடுகிறது. ஒரு தடவை போய் அவளைப் பார்த்தாயா? ரூத் எந்த வகுப்புப் படிக்கிறாள் என்று உனக்குத் தெரியுமா? சபைக்குக் கொடுக்க மாட்டேன் என்கிறாய். கொடுக்காதே, நான் கட்டாயப்படுத்த மாட்டேன். பயந்து கொடுப்பதைவிடக் கொடுக்காமல் இருப்பது நல்லது. ஆனால் கொடுக்காமல் வைத்த அந்தப் பங்கு யார் வீட்டுக்காவது போனதா? போயிருந்தால் சொல், நான் வாயை மூடிக்கொள்கிறேன். போகவில்லை என்றால், நீ ஏமாறாமல் தப்பித்திருக்கிறாய், அவ்வளவுதான். அதற்கு நீதி நியாயம் என்று பெயர் வைக்காதே. இதைப் படித்து உனக்கு எரிச்சல் வரும். வரட்டும். கல்யாணத்துக்கு முன்னால் மகனிடம் இப்படி எழுதலாமா என்று அப்பாவும் கேட்டார்.

இன்னொன்று. ஸ்டெல்லா அந்த நாளுக்குப் பிறகு சபைக்கு வருவதில்லை. கதவைத் தாண்டினால் மூச்சு அடைக்கிறது என்கிறாள். நான் மாதம் ஒருமுறை அவள் வீட்டுக்குப் போவேன், சாப்பிடுவோம், பேசுவோம், வா என்று ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. அவள் ஏன் வரவில்லை என்று கடவுளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உன் விஷயத்திலும் அப்படித்தான் நினைத்துக்கொள்ளப் பார்க்கிறேன், தாய் மனசு கேட்க மாட்டேன் என்கிறது. நேற்றுப் பத்திரிகை வைக்கப் போனேன். வாங்கி, உன் பெயரை விரலால் தடவினாள். "நான் பாட்டுச் சொல்லிக்குடுத்த பிள்ளை. வரணும்போல இருக்கு சித்தி. ஆனா தனியா உக்கார முடியாது. கடைசி பெஞ்சுல, வாசல் பக்கம், நீங்க என்கூட உக்காந்தா வாரேன்" என்றாள்.

சரி என்று சொல்லிவிட்டேன். அப்பாவுக்குச் சம்மதமில்லை. "ஏளா, மாப்பிள்ளைக்குத் தாய் போய்க் கடைசியில உக்காந்தா பொண்ணு வீட்டு ஆளுக என்ன நினைப்பாவ?" என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். நிஷா வீட்டாரிடம் நானே பேசிக்கொள்கிறேன். அதனால் சனிக்கிழமை நீ பீடத்துக்கு முன்னால் நிற்கும்போது முதல் வரிசையில் என்னைத் தேடாதே. அப்பா மட்டும்தான் அங்கே இருப்பார். எல்லாம் முடிந்து நிஷாவின் கையைப் பிடித்துக்கொண்டு நீ வாசலை நோக்கி நடந்து வருவாய். கடைசி பெஞ்சுக்கு வந்ததும் நில். போட்டோக்காரர் நடக்கச் சொல்வார், நீ நில். என்னிடம் பேச வேண்டாம். அவளிடம் பேசு.

அம்மா